பல நாடுகளில் சோதித்தார்களாம்!

தமிழ்ப்பள்ளிகளுக்கு மென்பொருள் விற்க வருகின்றவர்கள் அண்மைக் காலமாக ஒரு சொற்றொடரைத் தவறாமல் சொல்லுகின்றனர். "இது பல நாடுகளில், பல பண்பாட்டு மக்களிடையே சோதிக்கப்பட்ட மென்பொருள்." கேட்க இனிமையாகத்தான் இருக்கின்றது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் தலையாட்டுகின்றனர். தலைமையாசிரியர் கையொப்பம் இடுகின்றார். யாரிடம் சோதித்தீர்கள், எந்த மொழியில் சோதித்தீர்கள், சோதித்தபோது பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் யார் என்று கேட்பவர் எவருமிலர். நாள்தோறும் வகுப்பறையில் நிற்கும் நாம்தாம் அதைக் கேட்க வேண்டியவர்கள்.

பயன்பாட்டுச் சோதனை என்பது மென்பொருளில் பிழை உண்டா என்று பார்ப்பதன்று. ஒருவரிடம் ஒரு வேலையைக் கொடுத்து, அவர் எங்கே தடுமாறுகின்றார், எதனைத் தவறாகப் புரிந்துகொள்கின்றார், எந்த இடத்தில் சலித்துக் கைவிடுகின்றார் என்று கவனிப்பது. இதற்கென அனைத்துலகத் தர நிறுவனம் வகுத்த வரையறை ஒன்று உண்டு. 1998இல் வெளியிடப்பட்டு 2018இல் திருத்தப்பட்ட ஐ.எஸ்.ஓ. 9241-11 என்னும் அந்தத் தரநிலை, ஒரு பொருள் பொதுவாக எளிதா என்று கேட்பதே இல்லை. குறித்த பயனர், குறித்த நோக்கத்திற்காக, குறித்த சூழலில் அதனைக் கையாளும்போது வேலை செம்மையாக முடிகின்றதா, வீண் உழைப்பின்றி முடிகின்றதா, மனநிறைவு தருகின்றதா என்றுதான் கேட்கின்றது. அப்படியிருக்க, 'பல நாடுகளில் சோதித்தது' என்பது எதற்குச் சான்று? சுங்கை சிப்புட் தோட்டப்புறப் பள்ளியின் முதலாம் ஆண்டு மாணவி அந்தப் பல நாடுகளில் எந்த நாட்டுக்காரி?

தொலைவழிச் சோதனை புதியதன்று. சோதிக்கின்றவரும் சோதிக்கப்படுகின்றவரும் ஒரே அறையில் இருக்கத் தேவையில்லை, வலையமைப்பே ஆய்வுக்கூடத்தின் நீட்சியாகலாம் என்று அமெரிக்காவின் வர்ஜினியா டெக் பல்கலைக்கழகத்தார் 1996லேயே எழுதிவிட்டனர். 2020இல் பெருந்தொற்றுப் பரவி ஆய்வுக்கூடங்கள் மூடப்பட்டபோது, அதுவே வழக்கமான முறையாகியது. இதில் இருவகை உண்டு. ஒன்றில் நடத்துநர் காணொளி அழைப்பில் இருந்துகொண்டு, பயனரின் திரையைப் பார்த்தபடி கேள்வி கேட்பார். மற்றொன்றில் நடத்துநரே இல்லை. பணிகள் எழுத்தில் வரும். பயனர் தாமே செய்வார். அவருடைய திரையும் குரலும் பதிவாகி எங்கோ ஒரு கிடங்குக்குச் சென்றுவிடும். இரண்டாவது மலிவு. ஆகவே அதுதான் மிகுதி.

இந்த முறையை அடியோடு வெறுத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஓர் ஆய்வாளர் வானூர்தி ஏறி, கோலாலம்பூரில் இறங்கி, மகிழுந்து பிடித்து நம் பள்ளிக்கு வந்து ஐந்து பிள்ளைகளோடு அமரப் போவதில்லை. தொலைவழி ஒன்றுதான் அவரை நம்மிடம் கொண்டுவரக்கூடிய வழி. என் சினமெல்லாம் அந்த வழியில் உண்மையில் யார் வருகின்றார்கள் என்பதைப் பற்றியது.

சோதனைக்குப் பதிவு செய்துகொள்ளும் பக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். மனத்தில் தோன்றுவதை வாய்விட்டு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வேலை செய்ய வேண்டும். நல்ல ஒலிவாங்கி வேண்டும். தடையற்ற இணைய இணைப்பு வேண்டும். இடையூறு இல்லாத அறையும் அரைமணி நேர ஓய்வும் வேண்டும். சன்மானத்தைப் பெற இணையக் கணக்கு ஒன்று வேண்டும். இத்தனையும் உடையவர் யார்? நகரத்தில், அலுவலகத்தில், கணினியோடே வாழும் இளைஞர். அவர் மலேசியர்தாம், மறுக்கவில்லை. ஆனால் அவர் மொழியும் பழக்கமும் அந்த மென்பொருளை உருவாக்கியவரின் மொழிக்கும் பழக்கத்திற்கும் மிக அருகில் உள்ளன. அறிக்கையில் மலேசியா என்ற பெயருக்கு நேரே ஒரு குறி விழுந்துவிடுகின்றது. நாட்டின் பெயர் கணக்கில் சேர்ந்தது. நாட்டு மக்கள் சேரவில்லை.

நாட்டையே பண்பாடாக எண்ணும் இந்த வழக்கம் நெடுநாளையது. டச்சு நாட்டு அறிஞர் கெர்ட் ஹாஃப்ஸ்டீட் நாடுகளின் பண்பாட்டை எண்களால் அளந்தார். அவருக்கு அடிப்படையாக அமைந்தவை 1967 முதல் 1973 வரை ஐ.பி.எம். என்ற ஒரே நிறுவனத்தின் ஊழியர்களிடம் எடுத்த கருத்தாய்வுகள். பின்னர் விரிவாக்கப்பட்ட அவருடைய பட்டியலில், மேலோர்க்கும் கீழோர்க்கும் உள்ள இடைவெளியை ஏற்றுக்கொள்ளும் மனப்பான்மையில் மலேசியாவுக்கு 104 புள்ளிகள் கிடைத்தன. பட்டியலின் உச்சி! 2000ஆம் ஆண்டில் ஆரன் மார்கஸ், எமிலி கூல்ட் ஆகிய இருவர் இந்த எண்களை இணையத்தள வடிவமைப்புக்குக் கொண்டுவந்தபோது, மலேசியாவின் ஊத்தாரா பல்கலைக்கழகத் தளத்தையும் டச்சுப் பல்கலைக்கழகத் தளம் ஒன்றையும் அருகருகே வைத்துக் காட்டினர். ஒன்றில் முத்திரையும் தலைவர்களும் முன்னிற்க, மற்றொன்றில் மாணவர் முன்னிற்பதாக விளக்கினர். சுவையான ஒப்பீடுதான். ஆயினும் ஐ.பி.எம். அலுவலகத்தில் பணியாற்றியவர்களின் விடையிலிருந்து பால்மரத் தோட்டத்துப் பிள்ளையின் மனத்தைக் கணித்துவிட முடியுமா? மலாய்க்காரர், சீனர், தமிழர், கடசான், ஈபான் என்று இத்தனை பேர் வாழும் நாட்டுக்கு ஒரே எண்ணா?

இனி, வாய்விட்டுச் சிந்திக்கும் முறைக்கு வருவோம். 'நினைப்பதை உரக்கச் சொல்லுங்கள்' என்பது இத்துறையில் நெடுங்காலமாக வழங்கும் முறை. ஐ.பி.எம். நிறுவனத்தின் கிளேட்டன் லூயிஸ் 1982இல் இதனை மென்பொருள் வடிவமைப்புக்குப் பரிந்துரைத்தார். எட்டு வயதுத் தமிழ்ப்பிள்ளையிடம் ஓர் அந்நியர் திரையில் தோன்றி, "உனக்கு எது பிடிக்கவில்லை? தயங்காமல் சொல்" என்று கேட்டால் என்ன விடை வரும் என்று எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். "நல்லா இருக்கு" என்று வரும். நாம் பாடம் நடத்திவிட்டு "புரிந்ததா?" என்று கேட்கின்றோம். "புரிந்தது ஐயா!" என்று வகுப்பே முழங்குகின்றது. அதில் மிக உரத்த குரல் யாருடையது? புரியாத பிள்ளையுடையது! பெரியவரிடம் குறை சொல்லக்கூடாது, விருந்தினர் முகம் வாடக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை அது. அத்துடன், முடியாமற் போனால் குற்றம் தன்னுடையதுதான் என்றே நம் பிள்ளைகள் எண்ணுகின்றார்கள். 'இந்தப் பொத்தான் தவறான இடத்தில் இருக்கின்றது' என்று ஒரு பிள்ளை சொல்லி நான் கேட்டதில்லை. "எனக்குத் தெரியல ஐயா" என்று சொல்லித்தான் கேட்டிருக்கின்றேன்.

இது வெறும் ஆசிரியர் அறைப் பேச்சன்று. ரவிகிரண் வத்ராபு, மனுவேல் பெரெஸ்-கினோனெஸ் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியர்களிடம் இந்தியர் ஒருவர் நேர்காணல் நடத்தியபோது, அமெரிக்கர் நடத்தியபோது வந்ததைவிட மிகுதியான குறைகளும் ஆலோசனைகளும் வெளிப்பட்டன. 2012இல் நிக்கோலா டெல் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் பெங்களூரில் 450 நேர்காணல்கள் நடத்தினர். தானி ஓட்டுநர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் அதில் பங்கேற்றனர். கேட்பவரே உருவாக்கியது இது என்று எண்ணிவிட்டால், மற்றொன்று அதனோடு ஒத்ததாகவே இருந்தாலும், ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதன் பக்கம் சாய்ந்தார்கள். கேட்பவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டவர் என்றால் சாய்வு ஐந்து மடங்கு! 'பயனர் மனநிறைவு' என்று அறிக்கையில் வண்ணப் படமாக வரைந்து காட்டப்படுவதில் எவ்வளவு நம் மக்களின் இன்முகம் என்பதை இனிமேல் யாரேனும் கழித்துப் பார்க்கட்டும்.

மும்பையில் பணியாற்றிய அபலா லாகிரி சவான் இதற்கு ஒரு வழி கண்டார். குறை சொல்லத் தயங்குகின்றவர்களிடம், இந்தித் திரைப்படம் போல ஓர் உணர்ச்சி மிகுந்த கதையைச் சொல்லி, அதில் அவர்களையே கதைமாந்தராக்கினார். திருமணத்தைத் தடுக்க உடனே பயணச்சீட்டு எடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடி வந்ததும், மக்கள் மரியாதையை மறந்து தளத்தைத் திட்டத் தொடங்கினார்கள். நான் இதைப் படித்துச் சிரித்தேன். பின்னர் நம் பிள்ளைகளுக்கு இதற்கு நிகரான கதை எது என்று எண்ணிப் பார்த்தேன். அதனைப் பிறகு சொல்லுகின்றேன்.

இனி எழுத்துக்கு வருவோம். எனக்குப் பொறுக்க முடியாதது இதுதான்.

ஒரு நிறுவனத்தின் சொல் விளையாட்டை இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தார்கள். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டா. படத்தைப் பார்த்துச் சொல்லைக் கட்டங்களில் நிரப்ப வேண்டும். பூனைப் படத்திற்கு நான்கு கட்டங்கள் வந்தன. 'தமிழ்' என்ற சொல்லுக்கு ஐந்து கட்டங்கள்! ஒரு சிறுமி விரல் மடக்கி எண்ணினாள்: த, மி, ழ். மூன்று விரல் மடங்கின. திரையைப் பார்த்தாள். மறுபடியும் எண்ணினாள். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு கண்டதையெல்லாம் தொட்டாள். ம ஒரு கட்டத்திலும் இகரக் குறி தனியே மற்றொரு கட்டத்திலும் விழுந்தன. ழகரத்தை விட்டுப் புள்ளி மட்டும் ஒரு கட்டத்தில் போய் அமர்ந்தது. மென்பொருள் கைதட்டி விண்மீன் கொடுத்தது.

ஏன் இப்படி? ஒருங்குறியில் தமிழ் உயிர்மெய் எழுத்து பெரும்பாலும் இரண்டு குறிகளாகச் சேமிக்கப்படுகின்றது. த ஒன்று, ம ஒன்று, இகரக் குறி ஒன்று, ழ ஒன்று, புள்ளி ஒன்று. ஆக ஐந்து. நிரலாளர் குறிகளை எண்ணி, எழுத்துகளை எண்ணியதாக நினைத்துவிட்டார். இதனைத் திருத்துவது மலையைப் பெயர்க்கும் வேலையன்று. எந்தெந்தக் குறிகள் சேர்ந்து ஓர் எழுத்தாகும் என்பதற்கான விதியை ஒருங்குறி அமைப்பே வகுத்து வெளியிட்டிருக்கின்றது. அதைப் பின்பற்றினால் 'தமிழ்' மூன்று எழுத்துதான். திருத்த வேண்டும் என்று தெரியாததே சிக்கல்.

அந்தத் தெரியாமையைத்தான் சோதனை போக்க வேண்டும். தொலைவழிப் பதிவில் என்ன தெரிந்திருக்கும்? பணி நிறைவேறியது. எடுத்துக்கொண்ட நேரம் சற்று மிகுதி. பயனர் எதுவும் பேசவில்லை. ஆங்கிலம் மட்டும் அறிந்த ஆய்வாளர் அதை வெற்றி என்று குறித்துக்கொண்டு அடுத்த பதிவுக்குப் போய்விடுவார். மடங்கிய மூன்று விரல்கள் திரைப்பதிவில் வருவதில்லை. அன்று அதைக் கண்டது பக்கத்தில் நின்ற ஆசிரியர் கண்கள். எழுத்தை எண்ணப் பழக்க நாம் ஓராண்டு உழைக்கின்றோம். அதனை ஒரு விண்மீன் அழித்துவிடலாமா?

தமிழில் சோதித்திருக்கின்றோம், சென்னையில் தமிழர்களிடமே சோதித்தோம் என்று சிலர் சொல்லுவர். மகிழ்ச்சி. கொம்பும் புள்ளியும் சரியாகிவிடும். ஆனால் கணக்குப் பாடத்தில் நம் பிள்ளை ரிங்கிட், சென் என்றால் கடைக்குப் போய்வந்துவிடும். ரூபாய்த் தாள் படத்தைக் காட்டினால் அது கணக்கில் தடுமாறவில்லை, பணத்தில் தடுமாறுகின்றது. விழுக்காடு என்று படித்த பிள்ளைக்குச் சதவீதம் என்றால் விளங்காது. நம் பெயர்களையும் எண்ணிப் பாருங்கள். அடையாள அட்டையில் நம் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான் என்பவற்றின் சுருக்கம் ஒரு சாய்கோட்டுடன் நிற்கின்றது. எத்தனை படிவங்கள் அந்தச் சாய்கோட்டை ஏற்க மறுத்து, 'செல்லாத குறி' என்று சிவப்பில் எழுதுகின்றன! குடும்பப் பெயர் எது என்று கட்டாயப்படுத்துகின்றன! சென்னைத் தமிழரைச் சோதித்தால் இது தெரிய வருமா? தமிழர் என்பதும் ஒரே பெட்டியன்று.

ஐந்து பேரிடம் சோதித்தால் போதும் என்ற வாதமும் அடிக்கடி காதில் விழுகின்றது. யாக்கோப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதியதை எடுத்துக்காட்டுவார்கள். ஒருவர் சராசரியாக 31 விழுக்காட்டுச் சிக்கல்களை வெளிக்கொணர்ந்தால், ஐவர் ஏறத்தாழ 85 விழுக்காட்டை வெளிக்கொணர்வர் என்பது அவருடைய கணக்கு. அதே கட்டுரையில், பயனர்கள் ஒருவருக்கொருவர் பெரிதும் வேறுபட்ட குழுக்களாக இருப்பின் ஒவ்வொரு குழுவிலும் சோதிக்க வேண்டும் என்றும் அவர் எழுதியிருக்கின்றாரே! மேற்கோளின் முற்பாதி மட்டும் கடல் கடந்து வந்திருக்கின்றது.

இதனால் என்ன கெட்டுவிடப் போகின்றது என்று கேட்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுவேன். 2011இல் 1பெஸ்தாரிநெட் என்ற பெருந்திட்டம் நம் நாட்டில் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கு இணைய இணைப்பும், இங்கிலாந்தில் உருவான மெய்நிகர் கற்றல் தளமும் வழங்குவது நோக்கம். அந்தத் தளத்தை ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் பயன்படுத்தியது மிகக் குறைவு என்று 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டிக்காட்டியது. 2019இல் திட்டம் முடிவுக்கு வந்தது. இணைப்பு, பயிற்சி, நேரமின்மை எனக் காரணங்கள் பல. எல்லாவற்றையும் சோதனையின் தலையில் கட்டமாட்டேன். ஆனாலும், பள்ளிகளில் இறக்கிவைத்த பிறகு யாரும் தொடவில்லை என்று கண்டறிவதைவிட, இறக்கும் முன் பத்துப் பள்ளிகளில் பக்கத்தில் அமர்ந்து பார்ப்பது மலிவு அல்லவா?

சரி, என்னதான் செய்ய வேண்டும் என்கின்றீர்கள்? தொலைவழியை விட்டுவிட வேண்டா. ஆய்வாளர் சான் பிரான்சிஸ்கோவிலேயே இருக்கட்டும். ஒலியை அடைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கட்டும். பிள்ளையின் பக்கத்தில், பிள்ளையின் மொழியில் பேசக்கூடிய ஒருவர் அமரட்டும். திரையை மட்டுமல்லாமல் கைகளையும் ஒரு படக்கருவி காணட்டும். பிள்ளையைத் தனியே அமர்த்தாமல் இருவரை அமர்த்துங்கள். மேலே சொன்ன கதைக்கு நான் கண்ட நிகர் இதுதான். பெரியவரிடம் வாய் திறக்காத பிள்ளை, பக்கத்துப் பிள்ளையிடம் "ஏய், இது என்னடா ஐஞ்சு கட்டம்?" என்று கேட்டுவிடும். ஒரு பிள்ளைக்கு முதலில் காட்டிக் கொடுத்து, அதைக்கொண்டு மற்றொரு பிள்ளைக்குக் கற்பிக்கச் செய்து, அந்தக் கற்பித்தலைக் கவனிக்கும் முறையைப் பின்லாந்து ஆய்வாளர்கள் 2003லேயே எழுதியிருக்கின்றனர். நம் வகுப்பறையில் 'சக மாணவர் துணை' என்று நாம் நாளும் செய்வதுதான் அது. இதற்கு ஆகும் செலவு ஓர் ஆசிரியரின் ஒரு பிற்பகல். (அந்தப் பிற்பகலுக்கு உரிய ஊதியத்தைக் கொடுத்துவிடுங்கள். 'தமிழ்த் தொண்டு' என்று சொல்லி இலவசமாகக் கேட்காதீர்கள். மென்பொருளை நீங்கள் இலவசமாகத் தருவதில்லை.)

தமிழ்ப்பள்ளிகள் ஐந்நூற்றுக்கு மேல் இருந்தும் சந்தை சிறியது, இவ்வளவு செய்யக் கட்டுப்படியாகாது என்று விற்பனையாளர் சொல்லக்கூடும். அது அவருடைய வணிகக் கணக்கு. அதில் நான் தலையிடவில்லை. கட்டுப்படியாகாவிட்டால், 'பல பண்பாட்டு மக்களிடையே சோதிக்கப்பட்டது' என்ற வரியை விளம்பரத்திலிருந்து எடுத்துவிட்டு, 'தமிழ்ப் பிள்ளைகளிடம் சோதிக்கப்படவில்லை' என்று எழுதிவிட்டு விற்கட்டும். வாங்குவதா வேண்டாவா என்பதைப் பெற்றோர் முடிவு செய்வர்.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த முறை உங்கள் பள்ளிக்கு எவரேனும் மென்பொருளோடு வந்தால், விளக்கக் காட்சி தொடங்கும் முன் அவரிடம் ஒன்றைக் கேளுங்கள். கணினியில் 'தமிழ்' என்ற சொல்லை இட்டு, எத்தனை எழுத்து என்று உங்கள் மென்பொருளைச் சொல்லச் சொல்லுங்கள் ஐயா. ஐந்து என்று வந்தால், சோதனை அறிக்கையைக் கேளுங்கள். பங்கேற்றவர் பட்டியலில் வயது, மொழி, ஊர் ஆகிய மூன்றையும் விரல் வைத்துப் படியுங்கள். பிறகுதான் தலைமையாசிரியரின் கையொப்பம்.